சமூகம் ஏன் மாறுகிறது? கோட்பாடுகளைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

தேடல்விரும்பி:

சமூக மாற்றம் என்று பாடநூலைத் திறந்தால் பரிணாமம், சுழற்சி, செயற்பாட்டியம் (சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுமைக்கு ஒரு பயன் தருகிறது என்ற பார்வை), முரண்பாடு என்று நான்கு தலைப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அறிஞர், மூன்று விமர்சனம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு வழக்கம் எப்படி மறைந்தது என்று ஆய்வேடு எழுத உட்கார்ந்தால், எந்த மாற்றத்தையும் எந்தக் கோட்பாட்டுக்குள்ளும் அடக்கிவிடலாம் போலத் தெரிகிறது. மார்க்ஸை எடுத்தால் எல்லாமே வர்க்கம், துர்கைமை எடுத்தால் எல்லாமே ஒருமைப்பாடு. "முதலில் ஒரு கோட்பாட்டைத் தேர்ந்தெடு, பிறகு தரவைப் பார்" என்ற அறிவுரை சரிதானா? ஒரு கோட்பாடு இந்த இடத்தில் பொருந்தவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

ஆழ்வாசிப்பு:

அந்த நான்கையும் போட்டியாளர்களாக அடுக்கி வைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அவை ஒரே கேள்விக்கான நான்கு விடைகள் அல்ல. பரிணாமம் பேசிய கோம்ட்டும் ஸ்பென்சரும் கேட்டது, மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்று. துர்கைம் 1893-இல் கேட்டது, உழைப்புப் பிரிவினை ஏன் பெருகுகிறது, அது பெருகிய பிறகு மனிதர்களை எது சேர்த்துப் பிடிக்கிறது என்று. மார்க்ஸ் தேடியது உந்துவிசையை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆக்பர்ன் 1922-இல் எடுத்துக்கொண்டது வேகத்தை: சமூகத்தின் ஒரு பகுதி முந்திக்கொண்டு ஓடும்போது மற்றொன்று ஏன் பின்தங்குகிறது?

ஆகவே ஒவ்வொரு கோட்பாட்டிலிருந்தும் முதலில் அதன் இயங்குமுறையை, அதாவது எது எதைக் கொண்டுவருகிறது என்ற சங்கிலியை, பிரித்தெடுங்கள். துர்கைமுடையது இப்படி ஓடும்: மக்கள் தொகை கூடுகிறது, போக்குவரத்தாலும் நகரங்களாலும் மனிதர்களுக்கிடையே தொடர்பு நெருங்குகிறது, ஒரே தொழிலைச் செய்வோர் ஒருவரையொருவர் முட்டிக்கொள்கிறார்கள், முட்டலைத் தவிர்க்க ஆளுக்கொரு தனித்தொழிலுக்குப் பிரிகிறார்கள். இதில் எந்தக் கண்ணி பலவீனம் என்று பாருங்கள். கடைசிக் கண்ணிதான். நெருக்கடி வந்தால் மக்கள் தொழிலைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊரை விட்டுப் போகலாம், சண்டைக்குப் போகலாம், பிள்ளைப்பேற்றைக் குறைக்கலாம். எந்த நிலைமையில் எது நடக்கும் என்பதற்கு அவரிடம் போதிய விடை இல்லை. "துர்கைம் முரண்பாட்டைப் புறக்கணித்தார்" என்று எழுதுவதைவிட இதை எழுதினால் ஆய்வேட்டுக்கு வலு கூடும்.

ஆக்பர்னின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டையும் இதே மாதிரி பிரிக்கலாம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இயந்திர விபத்துகள் 1870 வாக்கில் பெருகத் தொடங்கின. காயம்பட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக 1910-ஐ ஒட்டித்தான் வந்தன. நாற்பது ஆண்டுப் பின்தங்கல் என்றார். பின்தங்கல் இருந்தது உண்மை. ஆனால் அந்த நாற்பது ஆண்டும் சட்டம் வராமல் இருந்ததால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி அவருடைய சட்டகத்துக்குள் எழவே எழாது. அங்கே முரண்பாட்டுக் கோட்பாடு தேவைப்படுகிறது. எதிர்க்கட்சியாக அல்ல, விடுபட்ட கண்ணியை இட்டு நிரப்ப.

தரவுத்தோழன்:

ஒரு வழக்கம் மறைந்ததைப் பற்றி எழுதுவதானால், சீனாவில் பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கிய வழக்கத்தை வைத்துப் பேசலாம். பல நூற்றாண்டு வேரூன்றிய வழக்கம், ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. கோட்பாடுகளை மோதவிட இவ்வளவு நல்ல களம் அதிகம் கிடைக்காது.

பெய்ஜிங்குக்குத் தெற்கே உள்ள டிங்சியன் என்ற கிராமப்புற மாவட்டத்தில் 1929-இல் எடுத்த கணக்கை சிட்னி கேம்பிள் 1943-இல் வெளியிட்டார். 1889-க்கு முன் பிறந்த பெண்களில் 99 சதவீதம் பேருக்குப் பாதம் கட்டப்பட்டிருந்தது. 1899 வாக்கில் பிறந்தவர்களில் 94 சதவீதம். 1919-க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. முதல் பத்து ஆண்டில் ஐந்து புள்ளி இறக்கம், அடுத்த இருபதில் மீதி முழுவதும். இந்த வளைவின் வடிவமே ஒரு சான்று. மெல்ல மெல்லப் படித்தவர்கள் கூடி, மெல்ல மெல்ல மனம் மாறி, வழக்கம் தேய்ந்தது என்று சொல்லும் எந்த விளக்கமும் இந்தச் செங்குத்துச் சரிவுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இவை பிறந்த ஆண்டுகள். பாதம் கட்டத் தொடங்குவது ஐந்து முதல் எட்டு வயதுக்குள். எனவே 1899-இல் பிறந்த குழந்தைக்குக் கட்டுவதா வேண்டாமா என்று குடும்பம் முடிவெடுத்தது 1904-க்கும் 1907-க்கும் இடையில். பிறந்த ஆண்டை முடிவெடுத்த ஆண்டாக நினைத்துக்கொண்டால், பாதம் கட்டுவதற்கு எதிராக 1902-இல் சீனப் பேரரசி அம்மையார் சிசி வெளியிட்ட ஆணைக்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது போலத் தோன்றும். காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கும் பிழை இது. அதேபோல, கணக்கெடுத்த ஆண்டில் நான்கு வயதாக இருந்த சிறுமியைக் "கட்டாதவர்" பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவளுக்கு இன்னும் கட்டும் வயதே வரவில்லை.

உழைப்புநோக்கு:

இங்கே பொருளாதாரத்தை விட்டுவிட்டு, பாதம் கட்டுவதை எதிர்த்த சீர்திருத்தச் சங்கங்களின் பெருமையை மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது. லாரல் பாஸனும் ஹில் கேட்ஸும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் உடைக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மூதாட்டிகளிடம் அவர்கள் கேட்டது அழகைப் பற்றி அல்ல: சிறு வயதில் என்ன வேலை செய்தீர்கள், யாருக்காகச் செய்தீர்கள்?

வாதம் இதுதான். பஞ்சிலிருந்து கையால் நூல் நூற்பது உட்கார்ந்து செய்யும் வேலை, சலிப்பானது, மணிக்கணக்கில் நீள்வது. ஆறு வயதுக் குழந்தையை அதில் உட்கார வைப்பது எளிதல்ல. பாதம் கட்டப்பட்ட குழந்தை ஓடாது. அவள் நூற்ற நூல் குடும்பத்துக்கு வருமானம். பிறகு ஆலை நூல் சந்தைக்கு வந்தது. கைநூலுக்கு விலை போயிற்று. குழந்தையை உட்கார வைப்பதால் கிடைத்த ஆதாயமும் போயிற்று. வழக்கம் சரிந்தது. உற்பத்தி முறை மாறியதும் அதன்மேல் நின்ற வழக்கம் ஆடத் தொடங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஏது? மார்க்ஸ் 1859-இல் தன் பொருளாதார நூலுக்கு எழுதிய முன்னுரையில் சொன்ன, உற்பத்தி முறைக்கும் வழக்கங்களுக்கும் உள்ள உறவை ஒரு வீட்டின் திண்ணையிலேயே பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதம் கட்டுவதை மேட்டுக்குடி ஆடம்பரம் என்று எழுதியவர்கள் அந்தச் சிறுமிகளின் உழைப்பையே கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். அது சிறிய தவறல்ல.

வாசல்எண்:

உழைப்பு பற்றிய வாதம் வலுவானதுதான். ஆனால் அது மட்டும் போதாது. காரணம், சரிவின் வேகம்.

ஜெரி மேக்கி 1996-இல் எழுதிய கட்டுரையின் கணக்கைப் பாருங்கள். கட்டாத பாதமுள்ள பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்ற நிலைமை இருக்கும்வரை, கட்டுவது கொடுமை என்று தெரிந்த தாயும் கட்டுவாள். அவள் ஒருத்தி நிறுத்தினால் அவள் மகள் ஒருத்திதான் இழப்பாள். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் இழப்பு இல்லை. இப்படிப்பட்ட பூட்டில் கருத்து மாற்றம் மட்டும் நடத்தை மாற்றத்தைத் தராது. அதனால்தான் 17-ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட மஞ்சு அரசு போட்ட தடை எடுபடாமல் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய உறுதிமொழிச் சங்கங்கள் சரியான இடத்தில் கை வைத்தன. உறுதிமொழியில் இரண்டு பகுதி: என் மகளின் பாதத்தைக் கட்ட மாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன். முதல் பகுதி மட்டும் இருந்தால் அது தியாகம். இரண்டாவதும் சேரும்போதுதான் கட்டாத பெண்களுக்கு ஒரு மணச்சந்தை பிறக்கிறது. எத்தனை குடும்பம் என்பதைவிட எந்தக் குடும்பங்கள் என்பது முக்கியம். தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வட்டத்தில் கணிசமானோர் ஒன்றாகக் கையெழுத்திட்டால் பூட்டு திறக்கும். மாகாணம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பெரிய எண்ணிக்கை இதைச் சாதிக்காது. பிரச்சாரங்கள் தோற்கிற இடமும் இதுவே.

சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1978-இல் காட்டிய எண்கணக்கும் இதற்குத் துணை. நூறு பேர் கூட்டம். ஒருவர் யாரும் சேராவிட்டாலும் கலவரத்தைத் தொடங்குவார். அவருடைய வாசல் எண் (தான் இறங்குமுன் எத்தனை பேர் இறங்கியிருக்க வேண்டும் என்ற எண்) 0. அடுத்தவர் ஒருவர் சேர்ந்தால் சேர்வார்; எண் 1. இப்படியே 99 வரை. தொடங்கினால் நூறு பேரும் வரிசையாக இறங்குவார்கள். இப்போது எண் 1 உள்ளவரை மட்டும் எடுத்துவிட்டு, எண் 2 உள்ள இன்னொருவரை வையுங்கள். முதல் ஆள் இறங்குவார். ஒருவர் இறங்கினால் இறங்கும் ஆள் இல்லை. அங்கேயே நின்றுவிடும். இரண்டு கூட்டத்துக்கும் சராசரி மனநிலை கிட்டத்தட்ட ஒன்றே. முடிவுகளோ நூறும் ஒன்றும். மக்கள் மனநிலையின் சராசரியை வைத்து மாற்றத்தைக் கணிக்க முயலும் ஆய்வுகள் எங்கே வழுக்கும் என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை என்பது என் கருத்து.

தேடல்விரும்பி:

இரண்டு வாதமும் சரியாகவே படுகின்றன. அப்படியானால் "பொருளாதாரமும் காரணம், மணவழக்கமும் காரணம்" என்று எழுதி முடித்துவிடலாமா?

தரவுத்தோழன்:

வேண்டாம். "இரண்டும் காரணம்" என்பது பெரும்பாலும் சோதனையைத் தள்ளிப்போடும் வாக்கியம். இரண்டும் வெவ்வேறு தடயத்தை விட்டுச்செல்ல வேண்டும், அதைத் தேடுங்கள்.

உழைப்பு விளக்கம் சரியென்றால், ஆலை நூல் முதலில் நுழைந்த பகுதிகளில் வழக்கம் முதலில் சரிந்திருக்க வேண்டும். சங்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய பொருட்டாக இருக்கக் கூடாது. ஒரே கிராமத்தில், நூற்ற வீடுகளிலும் வயலில் பெண்களை இறக்கிய வீடுகளிலும் வேறுபாடு தெரிய வேண்டும். நூற்பு இல்லாத இடங்களில் தொடக்கம் முதலே வழக்கம் தளர்வாக இருந்திருக்க வேண்டும்.

மணவழக்க விளக்கம் சரியென்றால், சரிவு மணவட்டம் மணவட்டமாக, திட்டுத்திட்டாக நடந்திருக்க வேண்டும். ஒரே வட்டத்துக்குள் நூற்ற வீடும் நூற்காத வீடும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். வட்டத்தின் எல்லையைத் தாண்டியதும் பொருளாதாரம் அதேபோல இருந்தாலும் வழக்கம் சில காலம் நீடித்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு. ஆதாயம் குறைந்ததால் பல குடும்பங்களின் வாசல் எண் கீழே இறங்கியது. இறங்கியதும் சங்கிலி ஓடியது. அப்போது ஆலை நூல் வந்ததற்கும் சரிவுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். இடைவெளிக்குப் பிறகு திடீர்ச் சரிவு. இதுவும் "இரண்டும் காரணம்" என்பதுதான். ஆனால் எது எதற்கு முன், எதன் வழியாக என்று சொல்லும் "இரண்டும்". தரவு மறுத்தால் கைவிட வேண்டியதும்கூட.

மாவட்ட அளவிலான சராசரியை வைத்துக்கொண்டு இதில் எதையும் பிரித்தறிய முடியாது. அலகு வீடாகவோ மணவட்டமாகவோ இருக்க வேண்டும்.

ஆழ்வாசிப்பு:

உழைப்புநோக்கு சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். குழந்தையை உட்கார வைக்க உதவியது என்பதும், உட்கார வைப்பதற்காகவே கட்டினார்கள் என்பதும் வேறு வேறு. ஒரு வழக்கத்தால் விளையும் பயனையே அந்த வழக்கம் இருப்பதற்கான காரணமாக்குவது செயற்பாட்டியத்தின் பழைய பிழை. மார்க்சிய விளக்கங்களிலும் அடிக்கடி நுழைந்துவிடுகிறது. பயனிலிருந்து வழக்கத்துக்குத் திரும்பி வரும் பாதையைக் காட்ட வேண்டும்: பயனை உணர்ந்த பெற்றோர் இருந்தார்களா, அல்லது கட்டிய குடும்பங்கள் செழித்துப் பிறர் பார்த்துப் பின்பற்றினார்களா?

உழைப்புநோக்கு:

நியாயமான கேள்வி. ஆனால் அதே அளவுகோலை மணவழக்க விளக்கத்துக்கும் வையுங்கள். ஒரு பூட்டு ஏன் திறக்கவில்லை என்பதை அது அருமையாக விளக்குகிறது. அந்தப் பத்தாண்டில் ஏன் திறந்தது என்பதற்குச் சங்கங்களைக் காட்டுகிறது. சங்கங்கள் ஏன் அந்தப் பத்தாண்டில் வெற்றி பெற்றன? அதற்கு வெளியிலிருந்துதான் விடை வர வேண்டியிருக்கிறது. போர்த் தோல்விகள், துறைமுகங்கள், ஆலைப் பொருள்கள்: இவை இல்லாமல் அந்தக் காலத்தை விளக்க முடியாது.

வாசல்எண்:

ஒப்புக்கொள்கிறேன். பூட்டின் கோட்பாடு "எப்படி" என்பதில் வலுவானது, "ஏன் அப்போது" என்பதில் மெலிந்தது.

கருவிநோக்கர்:

ஆலை நூல், கோடாரி, கணினி என்று எந்தக் கருவியைச் சொன்னாலும் "தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றியது" என்ற வாக்கியம் உடனே வந்துவிடுகிறது. மானிடவியலாளர் லாரிஸ்டன் ஷார்ப் 1952-இல் எழுதிய கட்டுரையைப் படிப்பவர்கள் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் இர் யோரோண்ட் மக்களிடம் கல்கோடாரி இருந்தது. செய்வதும் சொந்தமாக வைத்திருப்பதும் வயது வந்த ஆண்கள். விறகு வெட்ட நாள்தோறும் பயன்படுத்துவதோ பெரும்பாலும் பெண்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் கணவனிடமோ தந்தையிடமோ மூத்த சகோதரனிடமோ இரவல் கேட்க வேண்டும். கோடாரிக்கான கல் தெற்கே ஏறத்தாழ 640 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கைமாறிக் கைமாறி வந்தது. பதிலுக்குத் திருக்கை முள் பதித்த ஈட்டிகள் போயின. அந்தப் பரிமாற்றக் கூட்டாளிகள் சந்திக்கும் ஆண்டுக் கூடுகை பெரும் திருவிழாவாக இருந்தது.

மதப் பணியாளர்கள் எஃகுக் கோடாரிகளை வழங்கினார்கள். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் நேரடியாக. முதியவர் தன் மனைவியிடமோ இளையவனிடமோ போய்க் கோடாரி இரவல் கேட்கும் நிலை வந்தது. தெற்கிலிருந்து கல் வாங்க வேண்டியதில்லை என்றதும் பரிமாற்றக் கூட்டு தளர்ந்தது, கூடுகை ஒளியிழந்தது. வேலைத்திறன் பெரிதாகக் கூடியதா என்றால், இல்லை என்றே ஷார்ப் எழுதுகிறார்.

எஃகு கல்லைவிடக் கூர்மை என்பதால் இவ்வளவும் நடக்கவில்லை. யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதால் நடந்தது. அதே கோடாரிகளை முதியவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அவர்களுடைய அதிகாரம் ஒருவேளை இறுகியிருக்கும். ஆகவே கருவியைக் காரணமாக எழுதும் முன் மூன்றைப் பதிவு செய்யுங்கள்: யாரிடம் வந்தது, யார் அனுமதி தேவையற்றுப் போயிற்று, எந்தப் பரிமாற்றம் நின்றது.

தேடல்விரும்பி:

புரட்சி போன்ற பெரிய மாற்றங்களுக்கும் இந்த முறை பொருந்துமா? அங்கே வீடு வீடாகத் தரவு கிடைக்காதே.

ஆழ்வாசிப்பு:

அங்கே ஒப்பீடுதான் கருவி. ஜேம்ஸ் டேவிஸ் 1962-இல் சொன்னது: நீண்ட காலம் வாழ்நிலை உயர்ந்து, எதிர்பார்ப்பும் உயர்ந்து, பிறகு திடீரென வீழ்ச்சி வந்தால் புரட்சி வெடிக்கும். படிக்க அழகாக இருக்கும். கோளாறு எங்கே? அவர் எடுத்துக்கொண்டவை புரட்சி நடந்த இடங்கள். அதே வீழ்ச்சி வந்தும் புரட்சி நடக்காத நாடுகள் ஏராளம். விளைவு நிகழ்ந்த இடங்களை மட்டும் பொறுக்கினால் எந்தக் காரணமும் நிரூபணமானது போலத் தோன்றும். ஆய்வேடுகளில் மிக அதிகமாகப் பார்க்கும் பிழையும் இதுவே.

தீடா ஸ்கோச்போல் 1979-இல் பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூன்றையும் எடுத்துக்கொண்டு, இங்கிலாந்து, பிரஷ்யா, ஜப்பான் ஆகியவற்றை எதிரே நிறுத்தினார். அதிருப்தி எங்கும் உண்டு. வெளிநாட்டுப் போட்டியின் அழுத்தத்தில் அரசு இயந்திரம் உள்ளிருந்து முறிவதும், அதே வேளையில் விவசாயிகள் தாங்களாகத் திரளக்கூடிய கிராம அமைப்பு இருப்பதும் சேர்ந்தால்தான் சமூகப் புரட்சி என்பது அவர் முடிவு. அதே 1979-இல் ஈரானில் நடந்த புரட்சி இந்தச் சட்டகத்தில் சரியாக உட்காரவில்லை. கருத்தியலுக்கும் நகர்ப்புற வலைப்பின்னல்களுக்கும் அவரே பின்னர் கூடுதல் இடம் தர வேண்டியிருந்தது. எதை எடுத்துக்காட்டினால் தன் வாதம் உடையும் என்று தெளிவாகத் தெரியும்படி எழுதியதால்தான் அந்தத் திருத்தமே சாத்தியமாயிற்று.

தரவுத்தோழன்:

நவீனமயமாக்கல் கோட்பாட்டையும் இப்படித்தான் சோதித்தார்கள். தொழில்மயம், நகர்மயம், கல்வி வளர்ந்தால் பிள்ளைப்பேறு குறையும் என்று அது சொன்னது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1963-இல் தொடங்கிய ஐரோப்பியப் பிள்ளைப்பேறு ஆய்வு மாகாணம் மாகாணமாகப் பார்த்தது. திருமணமானோர் பிள்ளைப்பேறு 10 சதவீதம் குறைந்த ஆண்டைச் சரிவின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். வெவ்வேறு வளர்ச்சி நிலையில் இருந்த பகுதிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் சரிந்தன. தொழிற்புரட்சியில் முந்திய இங்கிலாந்தைவிடப் பிரான்ஸ் பல பத்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தில் மொழி எல்லைக்கு இருபுறமும் பொருளாதாரத்தில் ஒத்திருந்த ஊர்களில் பிள்ளைப்பேறு வேறுபட்டது.

அதற்காகக் கோட்பாட்டைத் தூக்கி எறியவில்லை. ஆன்ஸ்லி கோல் 1973-இல் மூன்று நிபந்தனையாகப் பிரித்தார்: பிள்ளை எண்ணிக்கை நாம் முடிவு செய்யக்கூடியது என்ற எண்ணம், குறைவாகப் பெறுவதில் ஆதாயம், குறைக்க வழிமுறை. மூன்றும் வேண்டும், எது கடைசியாக வருகிறதோ அதுவே நேரத்தைத் தீர்மானிக்கும். நவீனமயமாக்கல் பேசியது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி மட்டும். பாதம் கட்டும் வழக்கத்துக்கும் இதே மூன்றை வைத்துப் பார்க்கலாம்: மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம், கட்டாததில் இழப்பின்மை, கட்டாமலே வரன் தேடும் வழி. நம் விவாதம் முழுக்க இதில் கடைசியாக வந்தது எது என்பதைப் பற்றியதுதான்.

தேடல்விரும்பி:

அப்படியென்றால் என் திட்டம் இப்படி. மறைந்த வழக்கம் ஒன்று. அது சீக்கிரம் மறைந்த இரண்டு பகுதி, நெடுநாள் நீடித்த இரண்டு பகுதி. இரண்டு விளக்கங்களுக்கும் என்ன தடயம் தெரிய வேண்டும் என்று களத்துக்குப் போகும் முன்பே எழுதி வைப்பது. பிறகு மூத்தவர்களிடம் நேர்காணல், வயது வாரியாகப் பிரித்துப் பகுப்பாய்வு. சரியா?

தரவுத்தோழன்:

நல்ல திட்டம். இரண்டு திருத்தம்.

பகுதிகளைச் "சீக்கிரம், தாமதம்" என்று மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். பொருளாதார மாற்றம் சீக்கிரம் வந்து சங்கம் இல்லாத ஓரிடம், சங்கம் இருந்து பொருளாதாரம் மாறாத ஓரிடம் என்று காரணங்களின் அடிப்படையில் தேர்ந்தெடுங்கள். இரண்டும் இருந்த இடமும் இரண்டும் இல்லாத இடமும் சேர்ந்தால் நான்கு. விளைவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் டேவிஸின் பிழை பின்வாசல் வழியாக வந்துவிடும்.

அடுத்தது, வயது வாரியாகப் பிரிப்பது. ஒரே ஆண்டில் எடுத்த நேர்காணலில் முதியவர் வேறு, இளையவர் வேறு பதில் சொன்னால், அது வயதினால் வந்த வேறுபாடா, பிறந்த காலத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பல ஆண்டுகளில் கணக்கெடுத்தாலும் கணக்கெடுத்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். எந்தப் புள்ளியியல் மென்பொருளும் இந்த முடிச்சை உங்களுக்காக அவிழ்க்காது. கருத்தைக் கேட்காமல் நிகழ்வைக் கேளுங்கள்: மூத்த மகளுக்குச் செய்தீர்களா, இளைய மகளுக்குச் செய்தீர்களா, எந்த ஆண்டில் நிறுத்தினீர்கள், அப்போது மருமகளை எந்த ஊரிலிருந்து எடுத்தீர்கள். ஒரே தாய் மூத்தவளுக்குச் செய்து இளையவளுக்குச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த இரண்டு பிறப்புகளுக்கு இடையில் அந்த வீட்டில் என்ன மாறியது என்பதிலிருந்து நேர்காணலைத் தொடங்குங்கள்.